நாளைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்

கொடைக்கானல் பஜாரில் யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் நஜீமாக்கா கடைக்கு மட்டும் ஒரு தனிப் பெயர் உண்டு. பேரம் பேசப் போகிறவர்கள் அங்கே திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். பேரம் பேசாமல் வாங்கப் போகிறவர்களும் ஏதாவது ஒரு காரணத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டுதான் வருவார்கள், ஆனால் தைலம் சுத்தமாக இருக்கும். அவருடைய குதிரை பல வருஷமாக என் லாயத்தில் நிற்கிறது. அத்தனை வருஷத்தில் நான் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி நஜீமாக்காவோடு போட்டதுதான்.

என் பெயர் ராஜமுருகன். அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெட்டி கட்டி அனுப்பப்பட்டவர்கள். பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். எனக்குக் காப்பிப் பழம் பறிக்கப் பிடிக்கவில்லை. மேலே ஏறி வந்து ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை பிடித்தேன். பிறகு மன்னவனூர் ரோட்டில் ஒரு சரிவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தகரக் கொட்டகை போட்டு, மற்றவர்கள் குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் லாயமாக்கினேன். ஏரிக்கரையில் சவாரி ஓடும் குதிரைகள் சில, காட்டேஜ் வாங்கிப் போட்டிருக்கும் வெளியூர்க்காரர்களின் குதிரைகள் சில. எனக்குக் கோபம் சட்டென்று வரும். குதிரையிடம் காட்டமாட்டேன். மனிதர்களிடம் காட்டாமல் இருக்க முடிவதில்லை. என் மனைவி ரோகிணி மட்டும் இல்லையென்றால் லாயத்தில் தகரம்தான் மிஞ்சியிருக்கும், வாடிக்கையாளர் ஒருத்தர்கூட மிஞ்சியிருக்கமாட்டார்.

நஜீமாக்காவுக்குக் குதிரை ஏறத் தெரியாது. இன்றுவரை ஏறியதும் இல்லை. அப்புறம் எதற்குக் குதிரை என்று கேட்காத ஆள் பஜாரில் கிடையாது. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் கணவர் கிபாயத்துல்லா பாய் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. கடையை அக்கா தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அவுகளுக்குக் கஞ்சி ஊட்டிட்டு வந்து கடையைத் தொறப்பேன். எதுத்தாப்புல இது சவாரிக்கு நிக்கும். பேச ஆளில்லாத நாள்லயும் இது என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நிக்கும் தம்பி. வேற யாரு பார்த்தா?"

பாய் இறந்த பிறகு குதிரைக்கு முட்டி தேய்ந்தது. சவாரிக்கு ஆகாத குதிரையைக் கீழே சமவெளிக்கு விற்றுவிடுவதாக அதன் சொந்தக்காரர் சொல்ல, அக்கா கல்லாவைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போய் அங்கேயே அதை வாங்கிவிட்டார். சாம்பல் நிறக் குதிரை. பெயர் மிட்டாய். யார் வைத்த பெயரோ, அக்கா மாற்றவில்லை. வாங்கிய பிறகுதான் அதை எங்கே கட்டுவது என்ற யோசனையே வந்திருக்கிறது. அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார்.

வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வெள்ளனே, கடை திறப்பதற்கு முன்னால், தலையில் முக்காடும் அதற்கு மேல் பாயின் பழைய கோட்டுமாக வந்து நிற்பார். தவிட்டு மூட்டைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பார். ஊறவைத்த கொள்ளை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்ப்பார். கடையிலிருந்து ஒரு கொக்கித் தராசைக் கொண்டுவந்து கொட்டகைத் தூணில் தொங்கவிட்டுவிட்டார். மிட்டாய்க்குப் போடும் வைக்கோல் அதில் ஏறி இறங்கிய பிறகுதான் மிட்டாயின் வாய்க்குப் போகவேண்டும். பிடரி மயிரை இடது பக்கம் சீவினால் ஏன் வலது பக்கம் சீவவில்லை என்பார். வலது பக்கம் சீவிய நாளில், அதுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கா இல்லையா என்பார். நல்ல உச்சி வெயிலில், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் போன் அடித்து, "மிட்டாய் இப்ப என்ன செய்யுது?" என்று கேட்பார்.

"நிக்குதுக்கா."

"நிக்குதுன்னா? எப்பிடி நிக்குது?"

நாலு காலில் என்று நான் சொல்வேன். அப்புறம் ரோகிணி போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்கமுடியாதது கடைசியில் வரும் மிரட்டல். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது கேட்டில் நின்று திரும்பி, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்: "இங்க ஒண்ணும் சரியில்ல. நாளைக்கே என் குதிரையைக் கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா." எங்கே கூட்டிக்கொண்டு போவார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். போனால் போகட்டும், சனியன் விட்டது என்று ரோகிணியிடம் கத்துவேன். "அதையும் நாளைக்கே சொல்லிக்கலாம், இப்ப சாணி அள்ளுங்க" என்பாள் அவள்.

சேனாதிபதி சாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிரும். கோயம்புத்தூர்க்காரர். பூண்டிப் பக்கம் காட்டேஜ் வைத்திருக்கிறார். பழுப்பு நிறத்தில் உயர்ந்த சாதிக் குதிரை ஒன்றை என்னிடம் விட்டிருந்தார். வரும்போது இனிப்புப் பொட்டலம் இல்லாமல் வரமாட்டார். "முருகன், உங்களை மாதிரி ஆள் கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தோளைத் தட்டுவார். எல்லா வாடிக்கையாளரும் இவரைப் போல இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், என் சொந்தக் குதிரை செவ்வந்தி தீனியைத் தொடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். மூக்கில் மஞ்சளாகச் சளி வழிந்தது. தாடைக்குக் கீழே தொட்டால் கட்டி. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் குரல் மாறிவிட்டது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்றார். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, குதிரைக்குக் குதிரை தொற்றும், மனிதருக்கும் தொற்றும், அதுதான் என்று உறுதியானால் ஊசி போட்டுப் புதைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்றார்.

"அதுவா இல்லாமலும் இருக்கலாம். நாளைக்குக் காலையில வந்து எல்லாக் குதிரைக்கும் ரத்தம் எடுக்கிறேன். எடுத்துட்டா ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் வெளிய போகக்கூடாது."

குதிரையை நம்பி விட்டவர்களிடம் மறைப்பது எப்படி? ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் மினி லாரிகள் வந்து நின்றன. முதலில் வந்தது சேனாதிபதி சார். என் கையைப் பிடிக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க முருகன், ஒரு சேஃப்டிக்குத்தான்" என்றார். அடுத்து ஏரிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அது சோறு, நான் என்ன சொல்வது? போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். தடை நாளைக்கு ரத்தம் எடுத்த பிறகுதானே என்றார்கள். சாமான் செட்டோடு ஆட்கள் இடத்தைக் காலி செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. ஆனாலும் காலியான கட்டுத்தறிகளின் பக்கம் நான் திரும்பவில்லை.

கொட்டகையில் செவ்வந்தியும் மிட்டாயும் மட்டும் மிச்சம். அக்கா கடையைச் சாத்திவிட்டுத்தான் வரமுடியும். தினமும் கூட்டிட்டுப் போயிருவேன் என்று சொன்னவருக்கு இன்றைக்கு அல்வா மாதிரி ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நாமே முடித்துவிடுவோம் என்று, மிட்டாய்க்கு வாய்க்கயிறு மாட்டி, கம்பளியைப் போர்த்தி, கேட்டுக்கு அருகில் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார். குதிரையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"யாருடா இதுக்குக் கயிறு போடச் சொன்னது?"

"நீங்க கூட்டிட்டுப் போகத்தான்க்கா. இன்னைக்கு விட்டா அப்புறம் முடியாது."

"இது எந்தத் தொட்டியில தண்ணி குடிக்கும்?"

"எல்லாத்துக்கும் ஒரே தொட்டிதான்."

"செவ்வந்தி குடிச்ச தொட்டி?"

"ஆமாக்கா."

"அப்ப இதைக் கொண்டு போயி எவன் குதிரை பக்கத்துல கட்டச் சொல்ற? அதுக்கும் தொத்திக்கிச்சுன்னா அவனுக்கு யாரு பதில் சொல்றது? கெட்டுப்போன தைலத்தை நான் ஒருத்தன் தலையிலயும் கட்டுனதில்ல தம்பி. கயித்தை அவுறு."

மிட்டாய்க்கும் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அக்கா கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"போனா அல்லா குடுத்தது அவ்வளவுதான்னு நெனைச்சுக்குவேன். நீ அவுறு."

காலையில் டாக்டர் இரண்டு குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்தார். போன குதிரைகளைத் தேடி ஊர் ஊராக அலையவேண்டியதாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். நானும் ரோகிணியும் உள்ளே அடைபட்டோம். புல்லுக்கட்டுக்காரர் வரவில்லை. பால்காரர் திருப்பத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டார். வந்தது நஜீமாக்கா மட்டும்தான். வேலிக்கு உள்ளே வரக்கூடாது என்பதால் வெளியே ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டு அதிகாரம் செய்தார். வைக்கோலைக் கடை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் மோந்து பார்த்திருப்பார் என்று சத்தியம் செய்வேன். பூண்டியிலிருந்து கேரட் வந்தது. எங்களுக்குச் சோற்றுத் தூக்கு வந்தது. தூக்கைக் கல்லில் வைத்துவிட்டு, "நேத்து வச்ச குழம்பை மிச்சம் விட்டிருக்கீக, உங்களுக்குக் கொழுப்பா?" என்று கேட்டார்.

மழை மூட்டத்தில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் கொக்கித் தராசில் வைக்கோலை மாட்டி வேலியோரம் வந்து உயர்த்திப் பிடிக்கவேண்டும்.

"முள்ளு தெரியல. இன்னும் மேல தூக்கு."

"கை வலிக்குதுக்கா."

"ஆம்பளைதானே நீ? தூக்கு."

தூக்கினேன். இவர் இப்படி ஏவாவிட்டால் அந்த நாட்களில் நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டேன். செவ்வந்தி என் கையால் வளர்ந்தவள். அவளுக்குக் குழி வெட்டுவது போல நினைப்பு வந்துகொண்டே இருந்தது. வெள்ளனே "ராஜமுருகா!" என்று வேலிக்கு வெளியே குரல் கேட்டதும் எழுந்து ஓடவேண்டியிருந்தது, ஓடினேன்.

ஒன்றைக் கவனித்தது ரோகிணிதான். "ஏங்க, அக்கா மிரட்டவே இல்லையே, பார்த்தீகளா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ரத்தம் எடுத்த நாளிலிருந்து கூட்டிட்டுப் போயிருவேன் என்ற பேச்சே இல்லை. கல்லிலிருந்து இறங்கும்போது திரும்பி மிட்டாய் நிற்கும் பக்கமே கொஞ்ச நேரம் பார்ப்பார், பேசாமல் போய்விடுவார். அத்தனை வருஷம் எரிச்சல்பட்ட எனக்கு அந்த மௌனம் பயமாக இருந்தது. கூட்டிக்கொண்டு போக ஒன்றும் மிஞ்சாது என்று அக்காவும் நினைக்கிறாரோ என்று தோன்றியது.

ஒரு வாரம் தாண்டி ஒரு சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். கிளாண்டர்ஸ் இல்லை, குதிரைக்குத் தொண்டையில் கட்டி வரும் வேறொரு தொற்றுதான், எந்தக் குதிரைக்கும் அந்த நோய் கிடையாது என்றார். செவ்வந்தியைத் தனியாக வைக்கவேண்டும், மற்ற குதிரைகளைக் கொஞ்ச நாள் சேர்க்கவேண்டாம், மனிதர்கள் வரலாம். கட்டி உடைந்தால் ஆறிவிடும். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ரோகிணி அழவில்லை. அடுப்பில் பாலில்லாத டீயைப் போட்டுவிட்டு, அதைக் குடிக்காமல் செவ்வந்தியிடம் போய் நின்றுகொண்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அதற்குள் சேனாதிபதி சார் என்னைக் கூப்பிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது. "எனக்குத் தெரியும் முருகன், உங்க லாயத்துல ஒண்ணும் இருக்காதுன்னு. குதிரையை எப்பக் கொண்டு வரட்டும்?"

வந்த கோபத்துக்கு நான் பேசியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். "நஜீமாக்காவைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ரோகிணி சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடிந்ததும் அக்கா வந்து வழக்கம்போலக் கல்லில் ஏறி நின்றார். தராசை எடு என்றார். நான் தராசை எடுக்காமல் போய்க் கேட்டைத் திறந்தேன்.

"உள்ள வாங்கக்கா. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அக்கா கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "நீங்க இல்லைன்னா நாங்க இல்லக்கா" என்றேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனார். மிட்டாயின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இதென்னடா தண்ணி? வைக்கோல் மெதக்குது. பிடரியைப் பாரு, சிக்கு விழுந்து கெடக்கு. நான் வேலிக்கு வெளிய நின்னா என்ன வேணா செய்வீகளோ? இங்க ஒண்ணும் சரியில்ல. நாளைக்கே என் குதிரையைக் கூட்டிட்டுப் போயிருவேன், ஆமா!"

"சரிக்கா" என்றேன். எனக்குக் கண்ணீர் மறைத்தது. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனேன்.