இருபத்து மூன்றாம் எண் கவர்

மணி அடிக்கப் பதினொரு நிமிடம் இருந்தது. தியான இல்லத்தின் சிற்றாலயத்தில் முப்பத்தெட்டு மாணவிகள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒட்டிய கவர் ஒன்று. பக்கச் சுவரோரம் நின்ற மறைக்கல்வி ஆசிரியை வழக்கம்போலத் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். நாலாவது பெஞ்சுக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

அந்த நீல நிற நீளக் கவர் அங்கே இருக்கக் கூடாது.

அந்தக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் கடைசி வகுப்புக்கு ஆண்டுதோறும் மூன்று நாள் தியானம் நடக்கும். இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு, பெற்றோர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எழுதித் தந்த கடிதங்கள் கைக்கு வரும். கால் மணி நேரம் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்ய வேண்டும். மணி அடித்ததும் தோட்டத்தில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்ப் படிக்கலாம். கவர்மேல் பெயர் எழுதுவதில்லை, வகுப்பு எண் மட்டும்தான். முன்பொரு வருடம் யாரோ கவர்க் கட்டைப் புரட்டிப் பார்த்து, யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்று ஊரைக் கூட்டியதால் தலைமை ஆசிரியை சிஸ்டர் போட்ட விதி அது.

மறைக்கல்வி ஆசிரியை இந்தக் கடிதங்களைப் பத்தொன்பது வருடமாகச் சேகரித்து வருகிறார். அவருடைய பாடத்துக்கு மார்க் கிடையாது. அதனால் பரீட்சை நெருங்கினால் அவருடைய பீரியடுக்கு ஆள் ஆளுக்குப் போட்டி.

"இன்னிக்கு ஒரு பீரியட் விட்டுக் குடுங்க மிஸ், கடவுள் கோவிச்சுக்க மாட்டார்" என்பார் கணக்கு ஆசிரியர்.

"அவர் மாட்டார் சார், நான் கோவிச்சுப்பேன்."

மார்க் இல்லாத பாடம் என்பதாலோ என்னவோ, வேறெங்கும் சொல்லாததை மாணவிகள் அவரிடம் சொன்னார்கள். ஆசிரியர் அறையில், வரைபடச் சுருள்கள் சாய்த்து வைத்த பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய மேசை. அங்கே வந்து அழாத வகுப்பு இல்லை. அங்கே சொன்னது அந்த மேசையைத் தாண்டிப் போனதும் இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் நெட்டையின் அம்மாவும் வந்தார். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் அந்தப் பெண் நெட்டை. அம்மாவுக்கு மருந்துக்கடை கவுண்ட்டரில் வேலை. கவரோடு பள்ளி வாசல்வரை இரண்டு முறை வந்து திரும்பிப் போனவர், மூன்றாம் முறைதான் உள்ளே வந்தார்.

"அப்பா வெளிநாட்டுல இருக்கார்னு ஆறு வருஷமா சொல்லிட்டு வர்றேன் மிஸ். ஜெயில்ல இருக்கார்னு இப்போ எந்த வாயால சொல்றது?"

"வாயால வேணாம். எழுதுங்க. அவ சின்னக் குழந்தை இல்ல."

"எழுதிட்டேன். வேற யாராவது படிச்சிட்டா? அப்புறம் என் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்க மாட்டா."

"என் கையிலிருந்து நேரா அவ கைக்குப் போகும்" என்றார் ஆசிரியை. அந்த அம்மா மடிப்பின்மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கட்டைவிரலால் மறுபடி அழுத்திவிட்டுக் கவரைக் கொடுத்தார். மேலே சிவப்பு மையில் 23.

இப்போது நெட்டை ஆறாவது பெஞ்சில், மடியில் ஒரு பழுப்புக் கவரோடு இருந்தாள். நீலக் கவர் நாலாவது பெஞ்சில், ரேடியோவின் மடியில். காலையில் காதில் விழுந்ததை மதியத்துக்குள் மூன்று மாடிக்கும் ஒலிபரப்புவதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது.

எங்கே தப்பு? கதவில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல் ஆசிரியையின் கண்ணில் பட்டது. அதைப் பார்த்துத்தான் காலையில் கவர்களைப் பெஞ்சு வாரியாக அடுக்கி வைத்தார். அலுவலகத்துப் புதுக் கம்ப்யூட்டர் போன மாதம் அச்சடித்த பட்டியல் அது, அகர வரிசைப்படி. கடிதம் கேட்டுப் பெற்றோருக்குச் சுற்றறிக்கை போனதோ வருட ஆரம்பத்தில். அப்போது பள்ளியில் சேர்ந்த வரிசைப்படி எண். அவர்கள் எழுதியது பழைய எண், அவர் கொடுத்தது புது எண்ணுக்கு.

ஒன்றல்ல, முப்பத்தெட்டுக் கவரும் மாறிப் போயிருக்கலாம்.

முன்னால் சிஸ்டர் மெல்லிய குரலில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் தும்மினால்கூடத் திரும்பி முறைப்பார். மணி அடிக்கும்வரை பொறுத்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்று ஆசிரியை கணக்குப் போட்டார். அதற்குள் ரேடியோவின் தோள் லேசாகக் குனிந்தது. கட்டைவிரல் டேப்புக்கு அடியில் நுழைந்திருந்தது.

"யாரும் கவரைத் திறக்காதீங்க!"

முப்பத்தெட்டுத் தலைகள் நிமிர்ந்தன. சிஸ்டரின் ஜெபம் பாதியில் அறுந்தது.

"என்ன மிஸ் இது?"

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். கவர் எல்லாம் மாறிப்போச்சு. தப்பு என்னோடது. எல்லாரும் அப்படியே திருப்பிக் குடுங்க."

முனகலும் சிரிப்புமாகக் கவர்கள் கைமாறி வந்தன. "என் அம்மா எனக்கு எழுதினதை எவ படிக்கப் பாத்தா?" என்று யாரோ கேட்டாள். "உன் அம்மா திட்டித்தான் எழுதியிருப்பாங்க, அதுக்கு நாங்க வேறயா?" என்றாள் இன்னொருத்தி. வந்து சேர்ந்தவை முப்பத்தேழு. எல்லாம் ஒட்டினபடி.

ரேடியோ எழுந்து வரவில்லை. ஆசிரியை அவளை நடைவழிக்கு அழைத்துப் போனார். நீட்டிய கவரின் வாய் திறந்திருந்தது.

"எவ்வளவு படிச்சே?"

"முழுசா, மிஸ்." அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நீங்க பட்டியலைப் பாத்துக்கிட்டு நிக்கும்போதே பிரிச்சிட்டேன். டேப்பைத் திரும்ப ஒட்டப் பாத்தேன், ஒட்டல. எனக்கு வந்தது இல்லைன்னு ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சுது. நிறுத்தியிருக்கணும்."

பின்னாலேயே வந்த சிஸ்டர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ் மேசையில புதுக் கவர் இருக்கு. போட்டு ஒட்டி, நம்பர் எழுதிக் குடுத்துடுங்க. இந்தப் பொண்ணு வாயைத் திறக்காம நான் பாத்துக்கறேன். அந்தப் பிள்ளைக்கு எதுக்கு இன்னொரு வேதனை?"

வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இல்லை. ஆசிரியை கவரை இரண்டு முறை புரட்டினார். ரேடியோ ஒரு வாரம் வாயை மூடியிருப்பாள், ஒரு மாதம்கூட இருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு நாள், ஒரு சண்டையில், பேருந்து நிறுத்தத்தில் அது வெளியே வரும். அன்றைக்கு நெட்டைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

"இல்ல சிஸ்டர். அவகிட்ட சொல்லிடறேன்."

நெட்டையை அழைத்தார். நடைவழி ஜன்னலோரம் அவள் வந்து நின்றாள், ஆசிரியையைவிட ஒரு சாண் உயரமாக.

"இது உங்க அம்மா உனக்கு எழுதினது. நான் தப்பா வேற ஒருத்திகிட்ட குடுத்துட்டேன். அவ படிச்சிட்டா. உள்ள இருக்கறது கஷ்டமான விஷயம். நீ கோவப்பட்டா என்மேல கோவப்படு."

"யாரு படிச்சது?"

ஆசிரியை வாய் திறப்பதற்குள், "நான்தான்டி" என்றாள் ரேடியோ.

நெட்டை கவரை வாங்கிக்கொண்டாள். "ஐயோ, நீயா?" என்று மட்டும் சொன்னாள். தோட்டத்துக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே பிரித்தாள். இரண்டு பக்கம். ஒரு சண்டை, ஒரு அடி, ஒரு ஆள் செத்துப்போனது, ஆறு வருடம். முதல் பக்கத்தை முடித்ததும் சுவரில் சாய்ந்தாள். இரண்டாவதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணீர் வரவில்லை. ஆசிரியை தோளைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

பிறகு ரேடியோ பக்கம் திரும்பாமலே கேட்டாள். "இங்க அம்மா எதையோ அடிச்சிருக்கா. என்ன அது? நீ படிச்சியே."

ரேடியோ தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "'அப்பா உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்'னு முதல்ல எழுதியிருக்காங்க. அதை அடிச்சிட்டு 'பயப்படுகிறார்'னு எழுதியிருக்காங்க."

"என்னைப் பாக்கவா? எதுக்குப் பயம்?"

ரேடியோ தாளை மடித்துக் கொடுத்தாள். ஆனால் நகரவில்லை. இருவரும் நடைவழிப் படியில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

சிஸ்டர் சிற்றாலயத்துக்குத் திரும்பி, ஒவ்வொருத்தியிடமும் பழைய எண்ணைக் கேட்டுக் கவர்களைக் கொடுக்கத் தொடங்கினார். ஆசிரியை அலுவலக அறைக்குப் போய் மருந்துக்கடைக்கு போன் செய்தார். நடந்ததை எதையும் குறைக்காமல் சொன்னார். மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம் வந்தது.

"உங்களைத் தவிர வேற யாரையும் நம்பினதில்ல மிஸ்" என்றார் அந்த அம்மா கடைசியில்.

"தெரியும்மா."

"அழறாளா?"

"இல்ல. அப்பா எதுக்குப் பயப்படறார்னு கேக்கறா."

"யார்கிட்ட?"

"அதைப் படிச்ச பொண்ணுகிட்ட."

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. "கடையை ஒப்படைச்சிட்டுக் கிளம்பறேன். முக்கால் மணி நேரம் ஆகும். அவளை அங்கேயே இருக்கச் சொல்லுங்க. என்கிட்ட கேக்கட்டும்."