கோழியாகிப்போன பருந்து

போரால் பாதைகள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் காணாமற்போயிருந்த வெளிநாட்டுச் சட்டைகள், பஸ்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் கல்முனைக் கடைத்தெருவுக்குத் திரும்பி வந்தன. நெஞ்சின் இடப்பக்கத்தில் ஒரு சின்னம் இருக்க வேண்டும். குதிரையோ கிரீடமோ, எதுவானாலும் சரி. அந்தச் சட்டையை உடுத்தவும் ஒரு முறை இருந்தது. பையில் பேனை குத்தக்கூடாது, சின்னம் மறைந்துவிடும். இடுப்பில் கட்டிய சாரத்தோடு உடுத்தினாலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டை இறுக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளை உரிக்கவே கூடாது.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதம் கிடைத்த பிறகு எனக்கும் அப்படியொரு சட்டை வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு, என் படிப்பு நின்றுவிடக்கூடாதென்று எனக்கு மூத்தவளான ராத்தா அரபு நாட்டில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கெசட்டில் தன் குரலைப் பதிந்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவாள். சட்டையோடும் ஒரு கெசட் வந்தது.

“தம்பி, இந்தப் பருந்து போட்ட சேட்டத்தான் மெடத்துட மகன் உடுக்கிற. நான்தானே அயன் பண்ணுற, எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாட்டியும் பருந்தப் பாத்து நானே கடையில எடுத்த. உடுத்து, பருந்து தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா. என்ட தம்பி கெம்பசுக்குப் போறான் எண்டு சொன்னா மெடம் நம்புறால்ல. வேலைக்காரிட தம்பி என்னத்தப் படிக்கப்போறான் எண்டு கேக்கா.”

போட்டோ எடுப்பதற்கு முன் வந்த வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையோடு பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழப் போனேன். தொழுகை முடிந்து எழும்பித் திரும்பும்போது பின் வரிசையில் நின்றவர் என் தோளைத் தொட்டார்.

“தம்பி, படிச்ச புள்ள நீங்க. உசிருள்ள உருவத்த நெஞ்சில வெச்சிட்டா தொழுற?”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் “படிச்ச புள்ள” என்ற சொல் எனக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, சவர பிளேட்டின் முனையால் பருந்தைத் தைத்திருந்த பொன்னூலை இழை இழையாகப் பிரித்தெடுத்தேன். பரீட்சைக்குப் படித்த அதே கவனத்தோடு செய்தேன். உம்மா வந்து பார்த்தபோது நூல் குவியலாகக் கிடந்தது.

“வேற சேட்ட உடுத்துத் தொழுதா முடிஞ்சிதானே மகன்” என்றார்.

இவ்வளவு லேசான வழி எனக்குத் தோன்றவில்லை. ராத்தா கேட்ட போட்டோவின் நினைவும் அப்போதுதான் வந்தது. துணியில் ஊசித் துளைகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

கடைத்தெருவில் மெஷினில் பூவேலை செய்யும் ஒருவரிடம் ஓடினேன். நினைவில் இருந்ததைக் கடதாசியில் கீறிக் கொடுத்தேன். அவரிடம் பொன்னூல் இல்லை, மஞ்சள் நூலால் தைத்தார். சிறகு சரியாக விரியவில்லை, கழுத்து தடித்துவிட்டது. ஸ்டூடியோவில் படம் எடுத்தவர் கமராவுக்குள்ளால் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“என்ன தம்பி, கோழிப் பண்ணையிலயா வேல? நெஞ்ச நிமித்துங்க. மெதுவா, முட்ட விழுந்திரும்.”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது. அதையே அனுப்பினேன்.

பிறகு வந்த கெசட்டுகளில் ராத்தா உம்மாவின் இருமலைப் பற்றிக் கேட்டாள், ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்டாள். போட்டோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்க எனக்கும் துணிவு வரவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அவள் ஊருக்கு வந்த மூன்றாம் நாள், உம்மா மீன் வெட்டிக்கொண்டே விசாரித்தார்.

“போட்டோவ அந்தப் பொம்புளைக்குக் காட்டினியாகா?”

“காட்டின உம்மா. அவ மகனக் கூப்பிட்டா. அவன் அவன்ட சேட்டக் கொண்டுவந்து பக்கத்தில வெச்சான். எல்லாரும் ஒரே சிரிப்பு. சேட்டு கள்ளம், அப்ப தம்பியும் கள்ளம்தான் எண்டு மெடம் சொன்னா. அதுக்குப் பொறகு என்ட பேரே கெம்பஸ்காரிதான். கெம்பஸ்காரி, கக்கூசக் கழுவு எண்டுவா.”

உம்மா கத்தியை நிறுத்திவிட்டார். ராத்தா என்னைப் பார்க்காமல் தொடர்ந்தாள்.

“கடக்காரன் என்ன ஏமாத்திட்டான். வாசிக்கத் தெரிஞ்சிருந்தா அதப்போய் வாங்கியிருப்பனா?”

அவள் இத்தனை நாளும் வாசிக்கத் தெரியாத தன் கண்ணைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். பள்ளிவாசலையும் பிளேட்டையும் மஞ்சள் நூலையும், ஒன்றும் விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அப்ப, நான் வாங்கின நல்ல சேட்டுத்தானா?”

“ஓம் ராத்தா. நல்ல சேட்டுத்தான்.”

அவள் முகம் ஒரு கணம் வெளிச்சமானது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“அத மெடத்துக்கிட்டச் சொல்ல ஏலாதே இனி” என்றாள்.