தொண்டைப் படத்துக்கு அவன் கொடுத்த சுருதி

ஆத்தாளின் பிள்ளைகளே, எழுபத்தாறாம் வருஷம் எனக்குத் தொண்டை கட்டியது. தேயிலை பேக்டரித் தூசி என்று நினைத்து மூன்று மாதம் சுக்கும் மிளகும் தின்றேன். சரியாகவில்லை. மலைக்குக் கீழே, மலையாளம் பேசும் ஊரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையில் புற்று என்றார்கள். எதுவரை பரவியிருக்கிறது என்று தெரியவில்லை, குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் உங்கள் முன்னால் உடுக்கடித்து மாரியம்மன் பாட்டுப் பாடியவன் நான். அன்று பஸ்சில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அதைவிட எரிந்தது இன்னொன்று. அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு என் பின்பாட்டுக்காரன் சுடலைமுத்துவுக்குக் காப்புக் கட்டி, உடுக்கையையும் கொடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு முந்திய வாரம் அவன் பாடிய முதல் நாளே கூட்டம் கண் கலங்கியது. பாடினால் நான்தானே பாட வேண்டும்? சந்நிதியில் நின்று, "ஆத்தா, என் குரலைக் கொடு. இல்லாவிட்டால் அவன் குரலையும் எடுத்துக்கொள்" என்று வேண்டினேன். ஆமாம், அப்படியேதான் வேண்டினேன்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு படமெடுக்கும் மெஷின் வந்திருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் எல்லா நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இது தொண்டையை ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டும் என்றார் டாக்டர். பொங்கலுக்கு முந்திய நாள் வரச் சொன்னார்கள். காலையில் பஸ்சுக்கு நின்றால், சுடலைமுத்து வந்து பக்கத்தில் நிற்கிறான். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக்கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும். அவன் கை வெறுமையாக இருந்தது.

"காப்பு எங்கலே?"

"பூசாரிகிட்ட அவுத்துக் குடுத்துட்டேன்ணே. ஒமக்கு மலையாளம் வராது. ஒத்தையில எப்படிப் போவீரு?"

என் குரல் போவதைக் கண்ணால் பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வழி நெடுக முகம் கொடுக்கவில்லை.

மெஷின் நகர்ந்து முடியும்வரை "ஈ" என்று ஒரே சீராக இழுக்க வேண்டும், அசையக்கூடாது. நானோ பாட்டுக்காரன். "ஈ" என்றதுமே தலை ஆடியது, குரலும் வளைந்தது. படம் கலங்கிவிட்டது. இரண்டாவது படமும் அப்படியே. "அனங்கருது!", அசையக்கூடாது என்று மலையாளத்தில் கத்தினார் படமெடுப்பவர். இன்னும் ஒரு தடவைதான், இல்லாவிட்டால் அடுத்த மாதம் என்றார்.

சுடலைமுத்து கதவோரம் வந்தான். "அண்ணே, பாடாதியும். நான் வெளிய நின்னு சுருதி பிடிக்கேன். நீரு அதுல ஒட்டிக்கிட்டு நில்லும்."

கதவுக்கு வெளியே அந்தக் குரல் எழுந்தது. ஒரு இம்மி பிசகவில்லை. அழிந்துபோகட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட குரல். என் கரகரப்பை அதோடு ஒட்டவைத்தேன். தலை ஆடவில்லை, கண்ணீர் மட்டும் வழிந்தது.

புற்று ஒரு பக்கக் குரல் நாணைத் தாண்டவில்லை என்று படம் சொன்னது. வெட்டவில்லை. ஆறு வாரம் கரண்ட் வைத்து, கதிராலேயே புற்றைக் கரைத்தார்கள்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. குரல் வந்தது, பழைய இனிமை வரவில்லை. இப்போது அவன் முன்பாட்டு, நான் பின்பாட்டு. அவனை நீங்கள் புகழும்போது இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது. உங்கள் மனதில் என்ன அழுக்கு இருந்தாலும் அவள் முன்னால் போய் நில்லுங்கள். எதைக் கொடுப்பது, எதைக் காதில் வாங்காமல் விடுவது என்று ஆத்தாளுக்குத் தெரியும்.

சுடலைமுத்து, அந்த வேண்டுதலை இவ்வளவு நாளும் உன்னிடம் சொல்லவில்லை. இன்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். உடுக்கையை எடு. நீ சுருதி பிடி, நான் ஒட்டிக்கொள்கிறேன்.