386 பெட்டிக்குள் இன்னொருத்தி

நாலு மணி நேரம் பதினெட்டு நிமிடம். அவ்வளவு நேரம்தான் அந்த அறையில் இருந்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது இது.

1989 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனி. பி.எஸ்சி. முடித்து அங்கே கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆயிரத்து இருநூறு தொழிலாளர் பெயர்களை அடித்து, வரிசைப்படுத்தி, திங்கள் காலை ஒன்பதுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அடித்து முடித்திருந்தேன். வரிசைப்படுத்துவதுதான் பாக்கி.

"ஞாயித்துக்கெழமையும் வந்துட்டியா? அந்தப் பொட்டியவே கட்டிக்கோ," என்று வாட்ச்மேன் காத்தவராயன் கதவைத் திறந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டேன். கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை.

மதியம் 12.10. வேலையை ஓடவிட்டேன். நாற்பது நிமிட வேலை. 1.30க்குப் பாதிகூட முடியவில்லை.

பெட்டியின் முகப்பில் 386 என்று போட்டிருந்தது. அது உள்ளே இருக்கும் பிராசஸரின், அதாவது கம்ப்யூட்டர் மூளையின், எண். அந்த பிராசஸர் ஒரு தனி மோடுக்குப் போனால் இரண்டு கம்ப்யூட்டர் போல நடக்கும். மெமரி மேனேஜர் என்ற புரோகிராம் மெமரியைப் பங்கு போட்டுக் கொடுக்கும். இரண்டு பக்கமும் வேலை ஓடினால் இரண்டுமே மெதுவாகும். அதுதான் காரணம் என்று நினைத்து மெமரி மேனேஜரை நீக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன்.

2.05. மெமரி மேனேஜர் ஏறிவிட்டதாகத் திரை சொன்னது.

மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. வேறு வழியில்லாமல் வேலையை முதலிலிருந்து ஓடவிட்டேன். பாதி மெமரி வேறு யாரிடமோ இருந்தது.

3.20. மறுபக்கத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கீயை அழுத்தினேன்.

அங்கேயும் என் பட்டியல்தான். ஒவ்வொரு பெயராக ஏறிக்கொண்டிருந்தது.

டக்... டக்... டக்...

என் கீபோர்டு அசையவில்லை.

4.10. நான் தப்பாக அடித்திருந்த ஒரு பெயர் தானாகத் திருந்தியது.

4.26. பிரிண்டர் தானாக ஓடியது. வரிசைப்படுத்திய பட்டியல்.

தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு.

ஒன்று என்னுடையது. இன்னொன்றின் வார் கருகியிருந்தது...

திங்களன்று பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை. வேலை நிலைத்தது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். சர்வீஸ் இன்ஜினியர் இராமதாஸ் வந்து பெட்டியைத் திறந்தார்.

"பொட்டிதாம்மா 386. உள்ள போட்டிருக்கறது 286. இது ரெண்டா பிரியவே பிரியாது."

"அந்த 386 எங்க சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எரிஞ்சிபோச்சி. உனக்கு முன்னாடி இங்க தனக்கொடின்னு ஒரு பொண்ணு இருந்திச்சி. அதுமேல கை வெச்சப்பதான் ஷாக்கடிச்சி செத்துச்சி."