எல்லோரும் நின்ற பிறகு

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது அவர் பின்னோக்கித்தான் நடப்பார். திரும்பிப் பார்க்காமலே, "யாருடா அது கோட்டை மிதிக்கிறது?" என்பார். யாரோ மிதித்திருப்பார்கள். ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு. கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்து, பாதிப் பேச்சு விசிலில்தான். "உன்னைப் பாத்தா ஆமைக்கே கர்வம் வந்துடும், ஓடுடா!" என்பது அவருடைய செல்லத் திட்டு.

பிள்ளைகள் வைத்த பெயர், சிலை டீச்சர். ஒவ்வொரு வகுப்பையும் ஒரே விளையாட்டில்தான் முடிப்பார். எல்லோரும் இஷ்டம்போல ஓட வேண்டும். விசில் கேட்டதும் அப்படியே சிலையாகிவிட வேண்டும். ஒற்றைக் காலில் இருந்தவன் ஒற்றைக் காலில். கொட்டாவி விட்டவள் திறந்த வாயோடு. "மூச்சு விடலாம். அதையும் சத்தமில்லாம விடுங்க." அசைகிறவர்களை அவர் பிடித்ததே இல்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பார்.

என் மகளுக்கு இது அவரிடம் இரண்டாவது வருடம். போன வருடம் கால் முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் விடவில்லை. டீச்சர் வற்புறுத்தவில்லை. "படியில உக்காரு தங்கம். கால் தானா கேக்கும், அப்போ வா."

ஒரு நாள் மாலை மகள் வாசலிலிருந்து அடுக்களைவரை ஓடிவந்தாள். என் மனைவி கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள்.

"எப்படிடி ஓடினே?"

"அவ கையைப் பிடிச்சுக்கிட்டாம்மா."

"எவ?"

"விசில் அடிச்சாலும் நிக்க மாட்டாளே, அவ. வேற யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாம்மா."

மனைவிக்கு முகம் வெளுத்தது. "முதல்ல பள்ளிக்கூடத்தை மாத்துங்க" என்றாள்.

மறுநாள் போனபோது டீச்சர் சாமான் அறையில் வளையங்களை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கை நின்றது.

"அப்போ பொண்ணு பாத்துட்டாளா? எனக்குக் காலடிச் சத்தம் மட்டும்தான் சார். நான் இங்க சேர்ந்ததிலிருந்தே. எல்லாரும் நின்ன பிறகும் ஒண்ணு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். பயந்துபோய் வேலையையே விட்டுடலாம்னு பாத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் காதைக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். காது நல்லாத்தான் இருக்காம்."

"யார் டீச்சர் அது?"

"ஓடுற குழந்தையை நிறுத்தி யாருன்னு கேக்கிறதா என் வேலை?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்தை மாத்துறதுன்னா மாத்துங்க. ஓட வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, சார்."

மணி அடித்தது. அவர் பின்னாலேயே மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் தாறுமாறாக ஓடினார்கள். அவர்கள் நடுவே என் மகள், இடது கையைச் சற்றே விலக்கி நீட்டியபடி, சிரித்துக்கொண்டே ஓடினாள்.

விசில். மைதானம் உறைந்தது. நீட்டியிருந்த மகளின் கை, யாரோ விட்டுவிட்டதைப் போல, தொய்ந்து விழுந்தது.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. வெறுங்கால்கள். சின்னக் கால்கள். கோடிச் சுவரருகே திரும்பி, மணலைச் சரசரவென்று தேய்த்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தன. கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

டீச்சர் ஓர் அடி ஒதுங்கினார். பிறகு, திரும்பிப் பாராமலே கையைப் பின்னால் நீட்டி, என் சட்டையைப் பிடித்து என்னையும் ஓரமாக இழுத்துக்கொண்டார்.