பீஸைப் பிடுங்கினேனா

முப்பது வருடத்துக்கு மேல் லைன்மேனாக இருந்தவன் நான். கொட்டும் மழையிலும் கம்பம் ஏறியிருக்கிறேன், பயந்ததில்லை. ஓய்வு பெற்றபின் ஒருநாள், மானாம்பதியில் தன் நிலத்து மோட்டார் ஓடவில்லையென்று என் மனைவியின் தம்பி கூப்பிட்டான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஒயருக்குக் கையை நீட்டினேன்.

“மாமா, கைய எடு! கரண்ட் கீது!” என்று அலறினான்.

கரண்ட் வராமலிருக்கப் பீஸைப் பிடுங்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

நினைவு குறையத் தொடங்கியிருக்கிறது, ஆரம்பம்தான் என்றார் காஞ்சிபுரத்து டாக்டர். வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வரச் சொன்னார். பயிற்சி தரும் பெண், கண்ணை முழுக்க மூடி உள்ளே படம் காட்டும் கனமான கண்ணாடி ஒன்றை என் தலையில் மாட்டினாள். அறை மறைந்துபோய், ஏதோ ஒரு சமையலறைக்குள் நின்றேன். அடுப்பில் பால்.

“ஐயா, பால் பொங்கினதும் அடுப்ப அணைங்க. குழாய மூடுங்க. அப்புறம் கதவப் பூட்டிட்டு வெளிய வாங்க.”

குழாயை மூடினேன். கதவைப் பூட்டப் போனால் பின்னால் புகை. அடுப்பை அணைத்தேனா? அணைத்த மாதிரிதான் இருந்தது. பொய் அடுப்பு, பொய்ப் புகை என்று தெரிந்தும் கண்ணாடியைப் பிடித்து இழுத்தேன்.

“கழட்டு! கழட்டு!” என்று கத்தினேன்.

வெளியே உட்கார்ந்திருந்த மனைவி ஓடிவந்தாள். “இன்னா ஆச்சு? ஏன் இப்டி வேர்க்குது?”

“வூட்டக் கொளுத்திட்டேன்டி.”

அவள் சிரிக்கவில்லை.

“இது சரியாயிடுமாம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“அப்டி சொல்ல முடியாதுங்க ஐயா. பழகப் பழக சமாளிக்கிறது கொஞ்சம் சுலபமாகலாம்.”

ஆசை காட்டாமல் பேசினாள். அதனால்தான் மறுபடி போனேன்.

ஆறாவது வாரம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். “அடுப்பு ஆப். குழாய் ஆப்.” புகை வரவில்லை. அந்தப் பெண் கைதட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில் மனைவியைக் கேட்டேன், “அடுப்ப அணச்சனா?”

“அணச்சீங்க.”

பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அதையே இன்னும் மூன்று முறை கேட்டேனாம். எனக்கு ஒரு முறைதான் தெரியும். இரண்டு நாள் பொறுத்துத்தான் அவள் சொன்னாள், அதுவும் அழுதுகொண்டே. அன்றே ப்ளையரையும் டெஸ்டரையும் அவள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி நாளான வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே, இன்றைக்கு வேண்டாமென்று மனைவியிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் போகிறேன். இப்போதெல்லாம் அவள் வெளியே உட்காருவதில்லை. நான் கண்ணாடி மாட்டியிருக்கும் நேரம் முழுக்க என் தோளில் கைவைத்தபடி நிற்கிறாள்.