இன்டர்நெட்டில் ஏறிய உப்புக் கிருமி

உயிரியல் படித்தால் நுண்ணோக்கியோடு நிம்மதியாக இருக்கலாம் என்று நம்பி வந்து, இப்போது பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏற ஏற பாத்தித் தண்ணீர் ரோஸ் நிறமாகும். அதற்குக் காரணமான கிருமிகளைத் தேடுவது என் வேலை. டி.என்.ஏ. எடுக்கிற வரைக்கும் நான் கெட்டிக்காரி. அதற்கு மேல் எல்லாம் இன்டர்நெட்.

உலகம் காணாத உயிர்

முதல் மாதிரியின் டி.என்.ஏ. வரிசையை இணையத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடினேன். எதனோடும் பொருந்தவில்லை. புது உயிர்! துறைத் தலைவருக்கு போன் போட்டேன். லேப் முழுக்க பால்கோவா கொடுத்தேன்.

எங்கள் லேபில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயசீலன், வாயில் இனிப்போடு திரையை எட்டிப் பார்த்தார். நான் மனித ஜீன்களுக்குள் மட்டும் தேடியிருந்தேன். பாக்டீரியா பக்கம் மாற்றித் தேடியதும் சட்டென்று பொருந்தியது: மனிதத் தோலில் வாழும் சாதாரண பாக்டீரியா. அவர் மெதுவாகச் சொன்னார்: "இது உப்பளத்துல இருந்து வந்தது இல்லீங்க மேடம், உங்க கையில இருந்து வந்திருக்குது."

மூடிய லேப்டாப்

ஒழுங்காகக் கையுறை போட்டு மறுபடி மாதிரி எடுத்தேன். மழை வந்துவிட்டால் சீசன் போச்சு, இதுதான் கடைசி வாய்ப்பு. எங்கோ இருக்கும் சர்வரில் டி.என்.ஏ. வரிசையை அலசும் வேலையை ஓடவிட்டு, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். "நான் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்" என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் பெருமை வேறு.

மறுநாள் திறந்தால் ஒன்றுமே இல்லை. சர்வரைத் திட்டித் தீர்த்தேன். ஜெயசீலன் சொன்னார்: "அத ஏன் மேடம் திட்டுறீங்க? நீங்க கனெக்‌ஷன கட் பண்ணிட்டுப் போனதும், வேலைய நிறுத்தச் சொல்லிட்டீங்கன்னு அது நெனச்சிக்கிச்சு."

வேணாம்மா

லேப்டாப்பை மூடாமல் அதே வேலையை மறுபடி ஓடவிட்டதில், கடைசியில் அசல் உப்புக் கிருமியே கிடைத்தது. எடுத்த இடத்தையும் குறித்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து பாத்திக்குச் சொந்தக்காரர் ஏழுமலை வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "ஏம்மா, என் பாத்தியில கிருமி இருக்குதுன்னு உலகத்துக்கே போட்டுட்டியாமே? இனிமே எந்த வியாபாரி வருவான்?"

எல்லா உப்பளத்திலும் இருப்பதுதான், ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை. "உங்க பேரே இல்லீங்க, பாருங்க" என்று வரைபடத்தைத் திறந்தேன். புள்ளி வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் நின்றது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். காது சுட்டது. "இதோ திருத்திடுறேங்க" என்றேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்: "வேணாம்மா, அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கம் நம்மகிட்ட உப்பு வாங்குறவங்க யாரும் இல்ல."

வெறும் 'மரக்காணம்' என்று மட்டும் திருத்திக்கொள்ள ஒரு டீக்குப் பிறகு அவர் சம்மதித்துவிட்டார். எதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தத்தான் என் விரல் இன்னும் சம்மதிக்கவில்லை.